குண்டுவீச்சு விமானியின் போர்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப்படையில் நான் ஆர்மரர். விமானத்தில் குண்டு ஏற்றுவது, பீரங்கிக்குத் தோட்டா நிரப்புவது, ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் எஜெக்‌ஷன் சீட்டின் வெடிமருந்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் எங்கள் பிரிவின் வேலை. 1971 போர் நடந்தபோது வட இந்தியாவில் கான்பெரா என்ற ஜெட் குண்டுவீச்சு விமானங்கள் நின்ற ஒரு தளத்தில் இருந்தேன். ஓய்வு பெற்று அஸ்தம்பட்டியில் குடியேறிய பிறகு, சேலத்திலும் ஏற்காட்டிலும் பள்ளிகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். பேச்சு முடிந்ததும் பிள்ளைகள் கேட்பது, நடைப்பயிற்சியில் நண்பர்கள் கேட்பது, உறவுக்காரர் கல்யாணப் பந்தியில் கேட்பது என்று சேர்ந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

சார், நீங்க பைலட்டா?

இல்லை. குண்டை மாட்டி, அதன் பாதுகாப்புப் பின்னைப் பிடுங்கி, விமானம் திரும்பி வரும்வரை தரையில் நின்றவன்.

ஃபைட்டர் விமானிக்கும் குண்டுவீச்சு விமானிக்கும் என்ன வித்தியாசம்?

சண்டை விமானி வளைவார், புரளுவார், துரத்துவார். ஆபத்து வந்தால் விலகிப் போக அவருக்கு வழி இருக்கிறது. குண்டுவீச்சு விமானிக்குக் கடைசி ஒன்றிரண்டு நிமிடங்களில் அந்த வழி கிடையாது. இலக்கை நோக்கி ஓடும் அந்த ஓட்டத்தை ‘ரன்-இன்’ என்பார்கள். அப்போது உயரம் மாறக்கூடாது, வேகம் மாறக்கூடாது, இறக்கை சாயக்கூடாது. கீழே இருக்கும் பீரங்கிக்காரனுக்கு இதைவிடச் சுலபமான குறி அமையாது. அது தெரிந்தும் ஆடாமல் நேராகப் போவதுதான் அந்தத் தொழில். சினிமாவில் காட்டுகிற சாகசம் எதுவும் அதில் இல்லை. அதனாலேயே யாரும் படமெடுப்பதில்லையோ என்னவோ.

ஏன் நேரா போகணும்? மேலே போய் நின்னு போட்டுடலாமே?

பிளஸ் டூ இயற்பியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது கண் விரியும். 6,000 மீட்டர் உயரத்தில் மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் ஒரு விமானம் போகிறது. குண்டை விட்டதும் அது நேர்கீழே விழாது. விமானத்தின் வேகம் அதற்கும் இருக்கிறது. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் தரையைத் தொட 35 விநாடி. அதற்குள் அது முன்னால் போகும் தூரம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். இலக்கு சேலம் ஜங்ஷன் என்று வைத்துக்கொண்டால், கிழக்கிலிருந்து வரும் விமானம் ஐந்து ரோட்டை எட்டும் முன்பே குண்டை விட்டாக வேண்டும்.

இப்போது பிசகைக் கணக்கிடுங்கள். விடும் நேரத்தில் திசை ஒரே ஒரு பாகை தப்பினால், விழும் இடம் 70 மீட்டர் தள்ளிப் போகும். வேகத்தில் பிசகு, உயரத்தில் பிசகு, நடுவில் அடிக்கிற குறுக்குக் காற்று எல்லாம் தனித்தனியாகச் சேரும். ரயில் நிலையத்துக்குப் போட்ட குண்டு சூரமங்கலத்தில் யார் வீட்டு மேலாவது விழ இவ்வளவே போதும்.

மேலேருந்து பார்த்தா ஊர் நல்லா தெரியும் இல்லையா?

ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் இருட்டிய பிறகு நின்று பாருங்கள். சேலம் முழுக்க விளக்காகத் தெரியும். நீங்கள் நிற்பது சேலத்துக்கு மேல் சுமார் 1,200 மீட்டர்தான். அங்கிருந்து உங்கள் தெருவைக் காட்டச் சொன்னால் முக்கால்வாசிப் பேருக்கு முடியாது. அதே இடத்தை ஐந்து மடங்கு உயரத்திலிருந்து, ஊரே விளக்கணைத்த இரவில், அடியில் மேகம் கிடக்கும்போது தேட வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின் முதல் இரண்டு ஆண்டுகள் பிரிட்டிஷ் விமானப்படை இரவில் ஜெர்மனிக்குப் போய்க் குண்டு போட்டுவிட்டு, அடித்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருந்தது. விமானத்திலேயே பொருத்திய கேமராக்களின் படங்களை எடுத்து 1941 ஆகஸ்டில் பட் என்ற அதிகாரி ஆராய்ந்தார். இலக்கைத் தாக்கினோம் என்று சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து 5 மைலுக்குள் போயிருந்தது. புகைமூட்டமான ரூர் தொழிற்பகுதியில் பத்தில் ஒன்று. ஐந்து மைல் என்றால் ஜங்ஷனைக் குறிவைத்து டவுன், கோட்டை எல்லாம் தாண்டி விழுந்தாலும் ‘அருகில்’ என்ற கணக்கில் வரும். அந்த அறிக்கைக்குப் பிறகுதான் ரேடியோ வழிகாட்டிக் கருவிகளும், முன்னே போய் விளக்குக் குண்டு போட்டு வழிகாட்டும் படைப்பிரிவும் வந்தன.

பயமே இருக்காதா?

பயம் இல்லாதவரை நான் பார்த்ததில்லை. கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றிவந்து பார்ப்பது வழக்கம். ஒருவர் எதுவும் பேசாமல் டயரைத் தொட்டுப் பார்ப்பார். இன்னொருவர் எங்களிடம் கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பார். பொறுமையாகப் பதில் சொல்லுவோம். குண்டின் பாதுகாப்புப் பின்களை எடுத்து எண்ணிக் காட்டும்போது மட்டும் எல்லாருமே கவனமாகப் பார்ப்பார்கள்.

பிறகு எஞ்சின் ஸ்டார்ட். கான்பெராவின் ஏவான் எஞ்சினுக்கு வெடிமருந்துக் கார்ட்ரிட்ஜ்தான் ஸ்டார்ட்டர். ‘டப்’ என்ற சத்தத்துடன் கறுப்புப் புகை கிளம்பும். எத்தனை முறை கேட்டிருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு உடம்பு ஒரு முறை துள்ளும். திரும்பி வந்தவர்களைப் பார்த்தால், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் அழுத்திய தடம் சிவப்பாக இருக்கும். டிசம்பர் குளிரிலும் ஓவரால் முதுகு நனைந்திருக்கும். முதலில் தண்ணீர் கேட்பார்கள். போன இடத்தைப் பற்றி எங்களிடம் பேசமாட்டார்கள். நாங்களும் கேட்கமாட்டோம்.

பயத்துக்குக் கணக்கு வேண்டும் என்றால் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையான பாம்பர் கமாண்டைப் பாருங்கள். அதில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573 பேர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு. பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய பையன்கள். முதல் சுற்று முடிய 30 முறை எதிரி மண்ணுக்குப் போய்வர வேண்டும். இனி முடியாது என்று ஒருவன் சொன்னால், அவன் பதிவேட்டில் மன உறுதி இல்லாதவன் என்ற பொருளில் முத்திரை விழும், பதவியும் சிறகுச் சின்னமும் போகும். நாலு பேர் பார்க்க அந்தப் பெயர் வாங்குவதற்குப் பயந்தே பறந்தவர்கள் ஏராளம் என்பது என் எண்ணம்.

கான்பெராவில் ரெண்டு பேர் போவாங்க, ஒருத்தருக்குத்தான் தப்பிக்கிற சீட்டுன்னு சொன்னீங்க. நிஜமா?

நிஜம். எனக்கு அந்த விமானத்தில் மிகவும் உறுத்திய விஷயமே இதுதான். சீட்டு எங்கள் பிரிவின் பொறுப்பு என்பதால் தினமும் கண்ணில் படும்.

இந்தியா வாங்கிய கான்பெராக்களில் முக்கியமானது பி(ஐ)58 ரகம். விமானி மேலே, நடுவிலிருந்து இடப்பக்கம் ஒதுங்கிய கண்ணாடிக் குமிழுக்குள் உட்காருவார். அந்தக் குமிழ் திறக்காது. வெயிலில் நின்ற விமானத்துக்குள் ஏறினால் அடுப்பங்கரை. நாற்பதாயிரம் அடிக்குப் போனால் வெளியே மைனஸ் 55 டிகிரி. வழி பார்த்துச் சொல்லும் நேவிகேட்டர் விமானிக்கு முன்னால், கீழே, மூக்குப் பகுதியில் வரைபடத்தோடு இருப்பார். குண்டு போடும்போது மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் குப்புறப் படுத்துக் குறிபார்ப்பார். விமானிக்கு எஜெக்‌ஷன் சீட் உண்டு. நேவிகேட்டருக்குக் கிடையாது. அவர் பாராசூட்டை மாட்டிக்கொண்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்து, தானே வெளியே குதிக்க வேண்டும்.

அடிபட்ட விமானம் சுழல ஆரம்பித்துவிட்டால் கதவுவரை நகரவே முடியாது. ஆக, விமானி என்ன செய்ய வேண்டும்? நேவிகேட்டர் வெளியேறும்வரை எரிகிற விமானத்தை ஆடாமல் நேராக வைத்திருக்க வேண்டும். கைப்பிடியை இழுத்தால் தான் பிழைக்கலாம் என்று தெரிந்துகொண்டே அதைத் தொடாமல் இருக்க வேண்டும். ரன்-இன்னில் கேட்கப்படும் அதே காரியம்தான், இந்த முறை குண்டுக்காக அல்ல, கூட இருக்கும் ஆளுக்காக. அதற்கு நேரம் கிடைத்தால்தான்.

1965 செப்டம்பர் 21 இரவு, தாக்குதல் முடித்துத் திரும்பிய நமது கான்பெரா ஒன்றைப் பாகிஸ்தானின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் ஏவுகணையால் வீழ்த்தியது. விமானி வெளியேறிப் போர்க்கைதியானார். நேவிகேட்டர் இறந்தார். பின்னால் எதிரி வருகிறானா என்று எச்சரிக்க வாலில் ‘ஆரஞ்ச் புட்டர்’ என்ற சிறிய ரேடார் உண்டு. எச்சரிக்கை கேட்டதும் விமானி சட்டென்று வளைவார். சில நேரம் அதுவும் போதாமல் போகும்.

நேவிகேட்டர்கள் இதைப் பற்றிக் கேலி பேசிக்கொள்வார்கள். விமானிகள் அந்தக் கேலிக்குச் சிரித்து நான் பார்த்ததில்லை.

1965, 1971 போர்களில் நம் குண்டுவீச்சு விமானங்கள் என்ன செய்தன?

பெரும்பாலும் இரவில் போய் விமானத் தளங்களை அடித்தன. 1965-ல் பெஷாவர் வரை போனார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 21 பகலில் 16-வது ஸ்க்வாட்ரன், அதாவது விமானப் படைப்பிரிவு, பாகிஸ்தானின் பாதின் ரேடார் நிலையத்தைத் தாழப் பறந்து போய் அடித்தது. 1971 டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் நம் தளங்களைத் தாக்கியதும் அன்றிரவே பதிலடிக்குக் கிளம்பியவை கான்பெராக்கள்தான்.

எதிர்த்தரப்பில் பாகிஸ்தான் பறக்கவிட்ட பி-57 எதுவென்று நினைக்கிறீர்கள்? அமெரிக்கா உரிமம் வாங்கிக் கட்டிய அதே கான்பெரா. இரண்டு நாட்டுப் பையன்களும் ஏறக்குறைய ஒரே விமானத்தில் ஏறி, இருட்டில் ஒருவரை ஒருவர் கடந்து போய், ஒருவர் ஓடுபாதையை இன்னொருவர் உடைத்துவிட்டு வந்தார்கள். கீழே இருந்த நம் பீரங்கிக்காரர்களுக்குச் சத்தத்தை வைத்து எது யாருடையது என்று சொல்லுவது பெரும்பாடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1971-ல் சரக்கு ஏற்றும் ஏஎன்-12 விமானத்தையே குண்டுவீச்சுக்கு மாற்றினார்கள். பின்கதவைத் திறந்து மரப்பலகையோடு குண்டுகளை உருட்டிவிடுவது. சங்கா மங்கா காட்டில் இருந்த ஆயுதக் கிடங்கின் மேல் அப்படித்தான் விழுந்தது. மெதுவாகப் போகும் அந்தப் பெரிய விமானத்தில் போனவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புதான்.

கான்பெரா விமானிகளுக்குப் பெரிய விருது ஏதாவது கிடைச்சுதா?

பரம்வீர் சக்ராவுக்கு அடுத்த நிலையில் உள்ள மகாவீர் சக்ராவை இரண்டு முறை பெற்றவர்கள் நாட்டிலேயே ஆறு பேர். அதில் இரண்டு பேர் கான்பெரா விமானிகள். ஜக் மோகன் நாத், தனியாகப் போய்ப் படம் எடுத்து வரும் உளவுப் பறத்தலுக்காக 1962-லும் 1965-லும் பெற்றார். பத்மநாப கௌதம், குண்டுவீச்சுக்காக 1965-லும் 1971-லும் பெற்றார். இரண்டு போரில் தப்பிய கௌதம் 1972-ல் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். ஃபைட்டர் விமானிகளின் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிகிற அளவுக்கு இந்த இரண்டு பெயர்கள் தெரிவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இரண்டாம் உலகப் போரில் சேலத்தில் குண்டு விழுந்ததாமே?

இல்லை. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களைத் தாக்கின. அடுத்தது சென்னை என்ற பீதியில் ஜனங்கள் ரயிலேறி உள்மாவட்டங்களுக்கு வந்தார்கள். சென்னை மேல் 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து குண்டு போட்டது. சேலத்துக்கு வந்தது குண்டு அல்ல, விருந்தாளிகள். அந்தக் காலத்துப் பாட்டிமார் அதைத்தான் ‘குண்டு போட்டப்ப’ என்று சொல்லியிருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் குழப்பிக்கொண்டார்கள்.

சேலம் விமான நிலையம் போர்க்காலத்தில் கட்டியதா?

இல்லை, காமலாபுரம் நிலையம் 1993-ல் வந்தது.

தமிழ்நாட்டிலிருந்து குண்டுவீச்சு விமானங்கள் பறந்திருக்கின்றனவா?

இப்போது நீங்கள் சென்னையில் இறங்குகிற அந்தப் பரங்கிமலைப் பக்கத்து ஓடுதளத்திலிருந்தே பறந்தன. பிரிட்டிஷ் விமானப்படையின் 200-வது ஸ்க்வாட்ரன் 1944-ல் அங்கே இருந்தது. நான்கு எஞ்சின் லிபரேட்டர்களில் கடலுக்கு மேல் நீர்மூழ்கி தேடுவது அதன் வேலை. இலங்கையின் மின்னேரியாவில் இருந்த 160-வது ஸ்க்வாட்ரன் 1945-ல் சிங்கப்பூர் வரை போய்க் கடல் கண்ணிகளைப் போட்டுத் திரும்பியது. ஒரே பறத்தல் 20 மணி நேரத்துக்கு மேல். நடுவில் இறங்க இடமில்லை, கீழே முழுக்கத் தண்ணீர்.

அவ்வளவு நேரம் பறந்தா ஒண்ணுக்கு வந்தா என்ன பண்ணுவாங்க?

ஆறாம் வகுப்பு எந்தப் பள்ளியாக இருந்தாலும் இந்தக் கேள்வி வரும். பெரிய விமானங்களில் பின்பக்கம் ஒரு ரசாயன வாளி இருக்கும். கட்டியிருக்கும் உடை அடுக்குகளைக் கழற்றி, ஆக்சிஜன் குழாயை மாற்றி, கும்மிருட்டில் அதுவரை போவதற்குப் பதில் பாட்டிலே மேல் என்று பலரும் முடிவு செய்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் இந்திய விமானிகளும் குண்டு போட்டார்களா?

போட்டார்கள். 7, 8 ஸ்க்வாட்ரன்கள் பர்மா முனையில் வெஞ்சன்ஸ் என்ற இருவர் விமானத்தை ஓட்டின. நான் மேலே சொன்ன மட்டமான ஓட்டம் இதில் இல்லை. இலக்குக்கு மேலே வந்ததும் கவிழ்ந்து செங்குத்தாகக் கீழே பாய்ந்து, குண்டை விட்டு, மேலே இழுக்க வேண்டும். இழுக்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கிக் கண் இருட்டும். 1944-ல் இம்பால் சண்டையின்போது ஜப்பானியரின் பாலங்களையும் கிடங்குகளையும் இப்படி அடித்தார்கள். இந்தப் பாய்ச்சலிலும் நேர்கோடு நேர்கோடுதான், தரையை நோக்கிய கோடு என்பது மட்டும் வித்தியாசம்.

குப்பையிலிருந்து எடுத்த விமானத்தில் ஸ்க்வாட்ரன் ஆரம்பித்தார்கள் என்பது கதைதானே?

கதையில்லை. போர் முடிந்ததும் அமெரிக்கா கடனாகக் கொடுத்த லிபரேட்டர்களை பிரிட்டிஷ்காரர்கள் கான்பூரில் விட்டுப் போனார்கள். யாரும் பயன்படுத்தக் கூடாது என்று கருவிகளை நொறுக்கி, எஞ்சினில் மண் போட்டார்கள் என்று பழைய ஆட்கள் சொல்லுவார்கள். 1948-ல் பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை ஆட்கள் போய், ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் மாட்டி, பறக்கிற அளவுக்குத் தேற்றினார்கள். அந்த அரைகுறை விமானங்களை கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிவந்தவர் எச்.ஏ.எல். விமானி ஜம்ஷெட் முன்ஷி. அங்கே முழுதாகச் சீராக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் 5-வது ஸ்க்வாட்ரன் நம் முதல் கனரகக் குண்டுவீச்சுப் பிரிவாக ஆரம்பித்தது. 1968 கடைசிவரை லிபரேட்டரைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்த ஒரே விமானப்படை நம்முடையது. லண்டனிலும் அமெரிக்காவிலும் மியூசியம் வைக்க விமானம் தேடியபோது நம்மிடம்தான் வந்து வாங்கிப்போனார்கள். உடைத்துப் போட்டவர்களே வந்து கேட்டதில் எங்கள் தலைமுறைக்கு ஒரு சின்ன குஷி.

ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட விமானி பைத்தியமாயிட்டாராமே அண்ணா?

பட்டிமன்றத்திலும் மேடையிலும் அடிபட்டு அடிபட்டு உண்மை போலவே ஆகிவிட்ட செய்தி. அந்த விமானத்தை ஓட்டிய பால் டிபெட்ஸ் 92 வயதுவரை வாழ்ந்து 2007-ல் இறந்தார். செய்ததற்கு வருந்தவில்லை என்று கடைசிவரை சொன்னார். மனநலச் சிகிச்சை பெற்றவர் கிளாட் ஈதர்லி. அவர் முன்னதாகப் போய் வானிலை தெளிவாக இருக்கிறது என்று தகவல் அனுப்பிய விமானத்தின் விமானி. குண்டு வெடித்தபோது அவர் அங்கே இல்லை. பின்னாளில் திருட்டு, மோசடி வழக்குகளில் சிக்கினார்.

அந்தக் குண்டு விழுந்து வெடிக்க 43 விநாடி ஆனது. விட்ட கையோடு டிபெட்ஸ் விமானத்தை ஏறக்குறைய வந்த வழிக்கே திருப்பினார். அந்த ஒரு தடவை நேராகப் போனால் சாவு.

வருந்தாதவரைவிட, வருந்திச் சீரழிந்தவரை நமக்குப் பிடிக்கிறது. அதனால் ஈதர்லியின் கதையை டிபெட்ஸ் மேல் ஏற்றிவிட்டோம்.

இவங்களுக்கெல்லாம் மனசு உறுத்தாதா?

எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரில் சுமார் 25,000 பேர் இறந்தார்கள். அதற்குப் போய்வந்த விமானிகளில் சிலர் வாழ்நாள் முழுதும் அதைப் பேசினார்கள், சிலர் பேசவே இல்லை. நம் கான்பெராக்களின் வேலை பெரும்பாலும் ஓடுபாதை, ரேடார், எண்ணெய்க் கிடங்கு. ஆனாலும் இரவில், அந்த உயரத்தில், மேலே சொன்ன கணக்குப்படி விழுந்த எல்லாக் குண்டும் ஓடுபாதையில்தான் விழுந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். குண்டுக்கு ஃபியூஸ் மாட்டியவன் என்ற முறையில் கணக்கில் எனக்கும் பங்குண்டு. விமானிக்கு மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு மற்றவர்கள் வீட்டுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் பேத்தி பைலட் ஆகணும்கிறா. குண்டுவீச்சு விமானம் இப்போ இருக்கா?

தனியாகக் குண்டுவீச்சுக்கென்று விமானம் இப்போது நம்மிடம் இல்லை. கான்பெரா 2007 மே மாதம் ஓய்வு பெற்றது. ஜாகுவார், சுகோய் போன்றவையே அந்த வேலையையும் செய்கின்றன. பெண் பிள்ளைகள் 2016 முதல் ஃபைட்டர் பிரிவில் இருக்கிறார்கள். என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வும் அவர்களுக்குத் திறந்தாகிவிட்டது. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம். பட்டம் முடித்தபின் என்றால் விமானப்படையின் ஏ.எஃப்.கேட். தேர்வு. எழுத்துத் தேர்வில் தோற்றால் மறுபடி எழுதலாம். விமானிக்கான திறன் சோதனை மட்டும் ஆயுளுக்கு ஒரு முறைதான், ஆகவே விளையாட்டாகப் போய் உட்கார வேண்டாம். கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் கண் பரிசோதனை செய்யுங்கள். அப்படியே வீட்டில் டேப் வைத்துக் கால் நீளம் அளந்து பாருங்கள். 99 செ.மீ.க்குக் குறையக்கூடாது, 120-ஐத் தாண்டக்கூடாது.